சின்னக்கோயிலின் நீளம்

தாழைத்துறையின் தென்கோடியில், மணல்மேட்டின் மேல், கடலுக்கு முதுகையும் ஊருக்கு முகத்தையும் காட்டி நிற்கிற அடைக்கல மாதா கோயிலின் உள்ளளவு நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினோரு அடி. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, சொந்தப் பெயர் தெரிவதுபோல் தெரியும். ஊர் நடுவில் தகரக்கூரை போட்ட பெரிய கோயில் வந்த பிறகு இதைச் சின்னக்கோயில் என்று கூப்பிடப் பழகிவிட்டோம்.

நானூற்று எண்பது வருஷத்துக்கு முன்னால் முத்துக்குளிக்க இறங்கிய ஏழு குடும்பத்து ஆண்கள், உயிரோடு கரையேறிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கல் என்று நேர்ந்துகொண்டு, கடலடியிலிருந்து பவளப்பாறையை வெட்டித் தோளில் சுமந்து வந்து அடுக்கினார்கள் என்றும், சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் ஊற்றி ஒரு மழைக்காலம் முழுக்க ஊறவைத்துப் பூசினார்கள் என்றும், வளைவாகக் கூரை கட்டத் தெரிந்த கொத்தன் கிடைக்காமல் தங்கள் தோணி ஒன்றையே சுவர்மேல் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் கல்லும் காரையும் ஏற்றி, காரை இறுகிய பிறகு தோணியைப் பலகை பலகையாகக் கழற்றி வாசல் வழியே வெளியே கொண்டுவந்தார்கள் என்றும் சொல்வார்கள். அது பொய்யாக இருக்க முடியாது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பலகைகளின் வரியும், அவற்றைத் தைத்த கயிற்றின் தடமும் இன்றைக்கும் காரையில் இருக்கின்றன. சுவர் மூன்றடி கனம். வாசல் ஒன்றுதான், பூவரசங்கதவு, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அன்றைக்கு ஊரில் இருந்தது நாற்பத்தோரு தலை. நாற்பத்தோரு பேர் முழந்தாளிட இடம் போதும் என்று அளந்து கட்டினார்கள். வேறு யாரும் வரக்கூடும் என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

என் பெயர் செசிலி. கருவாட்டு வியாபாரம். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி மச்சாது இரண்டு கோயிலுக்கும் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, விளக்கேற்றுவது, கூட்டுவது, சாவி வைத்திருப்பது எல்லாம் அவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் புயல் வருகிறது என்று சொல்லி ஊரையே பஸ்ஸில் ஏற்றி மேட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பங்குச்சாமி எரோணிமுஸும் அவர்களோடு போனார். போகாமல் தங்கியவர்கள் அறுபத்திரண்டு பேர். உயிரைவிடப் பெரிதாக எதையோ காக்க வேண்டும் என்று தங்கியவர்கள். பகல் பதினொரு மணிக்குப் பெரிய கோயிலின் தகரம் பறந்தது, பன்னிரண்டு மணிக்குக் கடல் தெருவுக்குள் வந்தது, நாங்கள் அறுபத்திரண்டு பேரும் சின்னக்கோயிலுக்கு ஏறினோம், எதைக் காக்கத் தங்கினோமோ அதையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். தொம்மிங்கு தன் படகின் என்ஜினைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தான். ரோசலின் இட்லி மாவாட்டும் கிரைண்டரைக் கொண்டுவந்தாள். வலைகள் வந்தன, டிவி வந்தது, நான்கு ஆடுகள் வந்தன. நான் ஏழு மூட்டை கருவாடு கொண்டுவந்தேன், நெத்திலியும் சாளையும். கடைசியாக ஏறியதால் என் மூட்டைகள் கதவை ஒட்டியே அடுக்கப்பட்டன.

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"செசிலியக்கா! செசிலியக்கா! நான்தான், வேலுத்தாயி!"

வேலுத்தாய் ஓடைக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். பன்னிரண்டு வருஷமாகக் கருவாட்டுக்கு உப்பு அவளிடம்தான் வாங்கினேன். ஓடைப்பாலத்தில் தண்ணீர் ஏறியதால் பஸ் அவர்கள் குடிசைகளுக்குப் போக முடியவில்லை. அவளும், அவள் புருஷன் சுடலைமணியும், ஒன்பது வயது மகள் இசக்கியும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, ஊரில் உயரமான ஒரே கட்டடத்துக்கு வந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே இருப்பது கதவிடுக்கில் கசிந்த விளக்கு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும்.

இஞ்ஞாசியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை, ஏனென்றால் கூப்பிட்டது என் பெயரை. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. திறக்க வேண்டுமென்றால் மூட்டைகளை நகர்த்த வேண்டும், மூன்று பேர் உட்கார வேண்டுமென்றால் மூட்டைகளை வெளியே மழையில் போட வேண்டும்.

"தெறக்கவா?" என்றார்.

"இடமில்ல தாயி," என்று நான் கதவைப் பார்த்துச் சொன்னேன். கத்திச் சொல்லவில்லை. விற்றுத் தீர்ந்த கூடையைக் கவிழ்த்துக் காட்டிச் சொல்வதுபோல், வருத்தமாக, மரியாதையாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் அறுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் இருக்கிறது என்று சொல்லவில்லை.

"புள்ளைய மட்டுமாவது எடுத்துக்கிடுங்கக்கா."

இஞ்ஞாசி மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் செபமாலையைப் பார்த்தேன். அதற்கப்புறம் கதவில் வந்த சத்தம் ஆள் தட்டியதா காற்று அடித்ததா என்று எங்களுக்குள்ளேயே பேசி, காற்றுதான் என்று முடிவு செய்துகொண்டோம்.

மறுநாள் சுடலைமணியையும் இசக்கியையும் உப்பள வரப்பில் எடுத்தார்கள். மேட்டின் வடசரிவில் ஓர் உடைமுள் மரத்தில் சேலையால் தன்னைக் கட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் பிழைத்தாள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் "தண்ணி வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் அரிசியும் சேலையும் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அரிசியை வாங்கிக்கொண்டாள். சேலையைத் திருப்பி நீட்டினாள்.

எட்டாம் நாள் காலையில் சின்னக்கோயிலைக் கூட்டப்போன இஞ்ஞாசி, வழக்கமாகப் பதினாறு வீச்சில் முடிகிற தரை அன்றைக்குப் பதினெட்டு வீச்சு எடுத்தது என்று வந்து சொன்னார். துடைப்பம் தேய்ந்திருக்கும் என்றேன். மறுநாள் இருபது. அடுத்த ஞாயிறு தொம்மிங்கு டேப் கொண்டுவந்து பிடித்தான்: வெளியே சுவர்க்கனம் கழித்துப் பதினெட்டு அடி, உள்ளே இருபத்துமூன்று. அவன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "காரை உப்பியிருக்கும், உப்புக்காத்துல்லா," என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது.

மார்கழி முடிவதற்குள் உள்ளே அறுபது அடி ஆகிவிட்டது. சுவர் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் பூட்டி, காலையில் திறந்தால் கூடியிருக்கும். புதிதாக வந்த சுவரிலும் அதே பவளக்கல், அதே கருப்பட்டிக் காரை, அதே மூன்றடி கனம், அண்ணாந்து பார்த்தால் அதே தோணிப்பலகையின் வரிகள், ஆனால் இப்போது அந்தத் தோணி எந்தக் கடலிலும் மிதக்காத அளவு நீளத் தோணி. வெளியே வந்து சுற்றினால் பழைய அளவுதான். ஆயர் இல்லத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து மூன்று நாள் தங்கி, உள்ளே ஒரு கணக்கும் வெளியே ஒரு கணக்கும் எழுதிக்கொண்டு, இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கூச்சப்பட்டு, இரண்டு தாளில் எழுதி எடுத்துப்போனார். எரோணிமுஸ் சாமி பூசைக்கு நடுவில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி மட்டும் வாங்கினார். பிறகு இன்னொன்று வாங்கினார்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். பெரிய கோயிலுக்குத் தகரம் போடும்வரை ஞாயிறு பூசை சின்னக்கோயிலிலேயே நடந்தது. தை மாதம் வாஸ் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள், எல்லோருக்கும் உள்ளேயே இலை போட்டார்கள், கடைசி வரிசைக்கு அப்பால் இன்னும் ஒரு கல்யாணத்துக்கு இடமிருந்தது. மழை பெய்தால் வலைகளை உள்ளே விரித்துக் காயவைத்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். வெளியூரிலிருந்து வேனில் ஆட்கள் வந்து முழந்தாளால் நடந்து பார்த்தார்கள், பாதியில் எழுந்து காலால் நடந்தார்கள். திருவிழாவன்று ஆறாயிரம் பேர் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அத்தனை பேரையும் விழுங்கிவிட்டு அந்தக் கோயில் பின்னால் காலியாகக் கிடந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டபோது, புயலுக்கப்புறம் என்றோம். ஏன் என்று கேட்டபோது, மாதாவின் புதுமை, அற்புதம் என்றோம். அவர் எழுதிக்கொண்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம்.

அதே நாட்களில் இன்னொன்றும் வளர்ந்தது. புயலன்று உள்ளே இருந்தவர்கள் அறுபத்திரண்டு பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்கழியில் அது எண்பது ஆயிற்று. தை மாதம் ரோசலின் தன் சம்பந்தியிடம், "நூத்திப்பத்துப் பேரு, மூச்சுவிட எடமில்ல," என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மாசியில் அது இருநூறைத் தொட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். கதவுக்குப் பக்கத்தில் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. எல்லோரும் பீடத்தடியில்தான் இருந்தார்களாம். அங்கே ஒன்றும் கேட்கவில்லையாம்.

நானும் இஞ்ஞாசியும் மட்டும் கதவடியில் இருந்தவர்களாக மிஞ்சினோம். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். அந்த ஏழு மூட்டையையும் நல்ல விலைக்குக் கேட்டார்கள். என்னால் கொடுக்க முடியவில்லை, புழு வைக்கும்வரை வீட்டுக்குள் வைத்திருந்து, ஒருநாள் குழி தோண்டிப் புதைத்தேன். ஏன் புதைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. புதைத்த இடத்தில் அவர் ஒரு முறை போய் நின்றதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவர் கூட்டுவதை மட்டும் விடவில்லை. எத்தனை அடி கூடினாலும் கோயில்பிள்ளை கூட்ட வேண்டும் என்றார். விடிந்ததும் போவார், பத்து மணிக்குத் திரும்புவார். பிறகு மதியம் திரும்பினார். பிறகு சோற்றுப்பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் வந்தபோது, ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைச் சொல்லிச் சுவரில் மாட்டியிருந்த சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலும் ஒன்றைவிட்டு ஒன்று அவ்வளவு தூரம் விலகிப்போயிருந்தன. வெள்ளிதோறும் படம் படமாக நின்று செபித்து அரை மணி நேரத்தில் முடிந்த சிலுவைப்பாதைக்கு முதல் வெள்ளி மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் வெள்ளி, ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற ஏழாம் நிலையிலேயே வயசாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் வெள்ளி பன்னிரண்டாம் நிலைவரை போனவர் இஞ்ஞாசி மட்டும்தான். திரும்பி வந்தவருடைய வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அங்கன தரையெல்லாம் தண்ணி, செசிலி," என்றார். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி, சந்தைக்குப் போய்வந்த கதைபோல்தான் சொன்னார். "உப்புத்தண்ணி. மழை பெய்யிற சத்தம் கேக்கு. தூரத்துல ஒரு கதவு இருக்கு, யாரோ தட்டுதாங்க."

"நம்ம கோயிலுக்கு அந்தப் பக்கம் கதவு கிடையாதே."

"கிடையாது. ஆனா இருக்கு. நான் நடக்க நடக்க அது தள்ளிப் போகுது. ஓடியும் பார்த்துட்டேன்." சோற்றை வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டார். "அன்னைக்கு என் கை தாழ்ப்பாள்லதான் இருந்துச்சு. தெறக்கவான்னு எதுக்குக் கேட்டேன்? தெறக்க வேண்டியவன் கேப்பானா?"

அதுதான் நேரம். சொன்னது நான், மூட்டைகள் என்னுடையவை, நீங்கள் என் முகத்தைப் பார்த்து நின்றீர்கள், அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் குழம்பு ஊற்றினேன்.

அடுத்த புதன்கிழமை அவர் துடைப்பத்தை எடுக்காமல் போனார். அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தொம்மிங்கும் இன்னும் எட்டுப் பேரும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்; ஊரிலிருந்த கயிறெல்லாம் முடிச்சுப்போட்டு நீட்டியும் போதாமல் திரும்பினார்கள். அவர் செருப்பு மட்டும் கிடைத்தது, பதிமூன்றாம் நிலைக்கடியில். என் கையில் அதைக் கொடுத்துவிட்டு தொம்மிங்கு தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணில் பயம் இருந்தது, எனக்காக அல்ல. கோயில் அடுத்து யாரைக் கூப்பிடும் என்ற பயம்.

நான் அந்தச் செருப்பை வீட்டில் வைத்துவிட்டு, ஓடைப்பாலத்தைக் கடந்து உப்பளத்துக்கு நடந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அங்கே நான் நடந்து போனதில்லை, உப்பு வண்டியில்தான் வரும்.

வெயில் ஏறியிருந்தது. பாத்திகள் கண்ணைக் கூசும் வெள்ளையாகக் கிடந்தன. வேலுத்தாய் நீளக் கம்பில் அடித்த பலகையால் உப்பை வரப்போரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"உப்பு வேணுமாக்கா? அளத்துக்காரர்ட்ட சொல்லணும்."

"உப்புக்கு வரல, வேலுத்தாயி." நான் வரப்பிலேயே நின்றேன். "அன்னைக்கு உள்ள இடம் இருந்துச்சு. இடமில்லன்னு சொன்னது நான்தான். கதவை ஒட்டி என் கருவாட்டு மூட்டை கிடந்துச்சு. அதைத் தூக்கி வெளியே போட மனசு வரல."

பலகை உப்பை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"கதவிடுக்குல மூக்கை வச்சுத்தானே நின்னேன். மனுச வாடைக்கு முன்னால கருவாட்டு வாடைதான் வந்துச்சு." அவள் பலகையை ஊன்றி நின்றாள். "எத்தனை மூட்டை?"

"ஏழு."

"எம்மவ ஒரு மூட்டை உசரங்கூட இருக்க மாட்டா."

நான் உட்கார்ந்துவிட்டேன். உப்பு முழங்காலில் குத்தியது. அவள் மறுபடியும் உப்பை இழுக்க ஆரம்பித்தாள், பாத்தியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு. இஞ்ஞாசி கோயிலுக்குள் போய் மூன்று நாள் ஆகிறது என்பதையும், தட்டுகிற சத்தம் கேட்டுப் போனார் என்பதையும் அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நான் இப்ப எங்கயும் தட்டலையே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அவரு கதவைத் தெறக்கத்தான் போயிருக்காரா?"

"ஆமா."

"நீ என்ட்ட வந்து சொல்லிட்ட. என்ட்டச் சொல்லி என்னத்துக்கு, எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க மாதிரி இருக்காங்கல்ல, அவுங்க முன்னால சொல்லு. நான் நின்னு கேக்கணும். இந்தப் பாத்தி முடியட்டும், வாரேன்."

அந்தப் பாத்தி முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். நிழலுக்குப் போ என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்று நான்காம் வெள்ளி. சிலுவைப்பாதைக்காக ஊர் சின்னக்கோயில் வாசலில் கூடியிருந்தது. பயத்தில் யாரும் படியேறவில்லை. நான் கூட்டத்தை விலக்கிப் படியில் ஏறித் திரும்பி நின்றேன். தாழம்புதர் ஓரமாக, உப்புப் பலகையைத் தோளில் சாத்தி வேலுத்தாய் நின்றாள். அவளைப் பார்த்ததும் கூட்டத்தின் பாட்டு நின்றுபோயிற்று.

"அன்னைக்கு உள்ள இருந்தது அறுபத்திரண்டு பேரு," என்று ஆரம்பித்தேன். "இருநூறு இல்ல. நூத்திப்பத்தும் இல்ல. வேலுத்தாய் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் இடமில்லன்னு சொன்னேன். இடம் இருந்துச்சு. அதுல என் ஏழு மூட்டை கருவாடு உக்காந்திருந்துச்சு."

"செசிலி, வாய மூடு," என்றான் தொம்மிங்கு. "நடந்தது நடந்துபோச்சு. வெளியூர் ஆளுங்க நிக்காங்க."

"புள்ளைய மட்டுமாவது எடுத்துக்கிடுங்கன்னு சொன்னா. அதையும் கேட்டேன். நீயும் கேட்ட தொம்மிங்கு, நீ எனக்கு அடுத்தாப்ல இருந்த."

அவனுக்குப் பின்னாலிருந்து ரோசலின் குரல் கேட்டது. மெலிசாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வதுபோல்: "நான் கிரைண்டர் வச்சிருந்தேன். அது மேல குடத்தையும் வச்சிருந்தேன்." பிறகு ஒருவர் ஆட்டைச் சொன்னார், ஒருவர் டிவியைச் சொன்னார். ஒருவர் தான் ஒன்றும் கொண்டுவரவில்லை, ஆனால் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிவிட்டு விம்மினார். எரோணிமுஸ் சாமி, பாவங்களைக் கேட்கிற தன்னுடைய வேலையை இன்று வேறு யாரோ செய்வதைப் பார்க்கிறவர்போல் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் தொம்மிங்கு, யாரையும் பார்க்காமல், "என்ஜினுக்குக் கம்பளி போத்தியிருந்தேன்," என்றான்.

வேலுத்தாய் எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. கேட்டு முடித்ததும் படிப்பக்கம் வருவாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டோம். அவள் அந்த வாசலை ஒருமுறை பார்த்தாள், மேலும் கீழும் பார்த்தாள், பிறகு விலகி, கோயிலைச் சுற்றிக்கொண்டு கடல்பக்கம் போனாள். நாங்களும் பின்னால் போனோம். கடலைப் பார்த்த பின்சுவரில் வாசலோ ஜன்னலோ கிடையாது, நானூற்று எண்பது வருஷத்து அலைக்காற்று தின்ற வெறும் பவளக்கல். அவள் உப்புப் பலகையைத் திருப்பி, கம்பின் நுனியால் அந்தச் சுவரில் மூன்று தரம் தட்டினாள்.

பிறகு சுவருக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், யாரோ நகத்தால் காரையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. நான் காதை வைத்தேன். "செசிலி, கதவு வந்துட்டு," என்றது இஞ்ஞாசியின் குரல். "தாழ்ப்பாளைத்தான் காணோம்."

"கடப்பாரை," என்றான் தொம்மிங்கு.

சாமி ஒரு அடி முன்னால் வந்தார். இது இடிக்கக் கூடாத சுவர், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருப்பார். வேலுத்தாயின் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார். முதல் கல்லைத் தொம்மிங்கு பெயர்த்தான். உயிரோடு திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று எங்கள் முன்னோர் கொண்டுவந்த கற்களை, பீடத்துக்கு இடதுபுறம், ஆண்களும் பெண்களுமாக ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தோம். அறுபத்திரண்டில் அங்கே இருந்த எல்லோரும் எடுத்தோம். ஒருவர் களைத்தால் அடுத்தவர் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் ஓர் ஆள் குனியாமல் வரக்கூடிய வாசல் ஆயிற்று.

இஞ்ஞாசி வெளியே வந்தார். விரல்நகங்கள் தேய்ந்து இரத்தம் கட்டியிருந்தன. உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. எதிரே நின்ற வேலுத்தாயைப் பார்த்ததும் மடங்கி அவள் காலில் விழப்போனார்.

அவள் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "விழாதீங்க," என்றாள். "விழுந்தா எந்திரின்னு நான் சொல்லணும். எனக்குச் சொல்ல வராது."

அவர் பாதி மடங்கியபடியே நின்றார். நானும் அப்படித்தான் நின்றேன் என்று நினைக்கிறேன். அவள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைப்பாலத்தைப் பார்த்து நடந்து போனாள். அவள் போவதை, வளைவில் மறையும்வரை, ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் அளந்தபோது உள்ளே பதினெட்டு அடி, பதினோரு அடி. எங்களுக்கு ஆறுதலாக இல்லை. வளர்ந்த கோயிலில் ஒருவரைவிட்டு ஒருவர் எட்டப் போய் நிற்க இடமிருந்தது. இதில் முழந்தாளிட்டால் அடுத்தவர் முழங்கை இடிக்கிறது, அவர் மூச்சு கேட்கிறது, எதற்காகப் பெருமூச்சு விடுகிறார் என்பதும் தெரிகிறது. வேனில் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. பழைய கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள் வந்து, உடைத்த சுவரை அதே கல்லால் மூடித் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஊர்க்கூட்டத்தில் வேண்டாம் என்று முதலில் சொன்னது ரோசலின். கதவும் போடவில்லை. காற்றில் பீடத்து விளக்கு தினமும் அணைகிறது, இஞ்ஞாசி தினமும் ஏற்றுகிறார். நானும் அவரும் இப்போது பேசிக்கொள்கிறோம். பேசும்போது சில நாள் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். திரும்பி வருவார்.

உப்பு இப்போது வேறிடத்தில் வாங்குகிறேன். அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை.

ஆனால் போன பங்குனியிலிருந்து, ஓடைக்கு இந்தப்பக்கம் புதிதாகப் போட்ட பாத்திகளில் அவளுக்கு வேலை. மதியம் வெயில் மேற்கே சாய்ந்ததும், பின்சுவர் நிழலில், நாங்கள் உடைத்த வாசலின் கல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதுகைப் பீடத்துக்குக் காட்டி, முகத்தைக் கடலுக்குக் காட்டி உட்காருவாள். உள்ளே வந்ததில்லை. முதல் நாள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். பிறகு தினமும் அந்த நேரத்துக்குக் கோயிலுக்கு வரத் தொடங்கினேன், செபம் சொல்ல என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு.

நேற்று நான் அவளுக்குப் பின்னால், மிகக் கிட்டே வந்து நின்றுவிட்டேன். நான் வந்தது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. சோற்றுத்தூக்கைக் கல்லின் மேல் தன்பக்கமாக ஒரு சாண் இழுத்து வைத்துக்கொண்டாள். கல்லில் ஒரு சாண் இடம் காலியாயிற்று. அது எனக்காக விட்ட இடமா, தன் சோறு என் பக்கம் இருக்க வேண்டாம் என்று தள்ளி வைத்ததா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. அவள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, எழுந்து போகும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.